முள்ளை எங்கே வைப்பது?

சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி திறக்கப்பட்டபோது தூத்துக்குடிப் பக்கம் பேச்சு இரண்டைச் சுற்றியே இருந்தது. நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை வேலை கிடைக்கும்? ஒரு தடவை சார்ஜ் போட்டால் மதுரைக்குப் போய்த் திரும்பலாமா? இரண்டும் நியாயமான கேள்விகள். உப்பு, கப்பல், கருவாடு, மக்ரூன் என்று பெயர் வாங்கிய ஊரில் 400 ஏக்கரில் மின்சாரக் கார் ஆலை வந்திருக்கிறது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் வரை செய்ய முடியும். வியட்நாமில் இந்த நிறுவனத்தின் தாய் ஆலை இருக்கும் ஹாய் ஃபோங்கும் துறைமுக நகரம்தான். கப்பல் ஏற்றுமதியைக் கணக்கில் வைத்தே இந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே முதலில் தயாரான வி.எஃப். 6, வி.எஃப். 7 கார்களில் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் வேறொன்று கண்ணை உறுத்தும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் இல்லை. வட்டமும் இல்லை, முள்ளும் இல்லை, சின்னத் திரைகூட இல்லை. அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. வேகம் பார்க்க வேண்டுமானால் கண் இடது பக்கம், டாஷ்போர்டின் நடுவே நிற்கும் 12.9 அங்குலத் தொடுதிரைக்குப் போக வேண்டும். பாட்டு, வரைபடம், ஏ.சி. எல்லாம் குடியிருக்கும் அதே கண்ணாடியில் வேகமும் ஒரு மூலையில் குடியிருக்கிறது. டெஸ்லாவின் மாடல் 3 கார் 2017இல் தொடங்கிவைத்த வழி இது. வால்வோவின் இ.எக்ஸ். 30 காரும் அப்படித்தான். புதுமை என்று இதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு, செலவு மிச்சம் பிடிக்கிற வேலை என்று ஒரே வரியில் தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. மீட்டர் எதற்காக எந்தச் சந்தையில் எப்படி இருந்தது என்று பார்க்காமல் இதை எடைபோட முடியாது.

ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை வாங்கிய கருவிதான் நம் தலைமுறைகள் பார்த்த ஸ்பீடாமீட்டர். கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மேலே வரும். அதன் முனையில் காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழன்றால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தையும் கூட இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் திருப்பி இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். முள் ஏறுகிற வேகத்தைப் பார்த்தே வண்டி எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணைப் படிக்கவே வேண்டியதில்லை. இதில் பலவீனமான உறுப்பு அந்தக் கேபிள். உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் உறைக்குள் துரு ஏறி, முதலில் முள் ஆடும், பிறகு கேபிள் அறுந்து முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். படுத்த முள்ளோடு ஆண்டுக்கணக்கில் ஓடிய பழைய லாரிகளை இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த ஓட்டுநர்கள் வேகத்தை இன்ஜின் சத்தத்திலும் கியரிலும் கண்டுகொண்டார்கள். மின்சாரக் காரில் சத்தமும் கிடையாது, கியரும் கிடையாது. காது செய்த வேலையையும் கண்ணே சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மீட்டர் முன்னைவிட எளிதில் தெரிய வேண்டிய காலத்தில்தான் அதை இடம் மாற்றுகிறார்கள். இதை முதல் எதிர்ப்புப் புள்ளியாகக் குறித்துக்கொள்வோம்.

சந்தைக்குச் சந்தை மீட்டர் மாறுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய சங்கதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த ஐ10 கார் நம் ஊர்த் தெருக்களிலும் ஓடியது, பிரிட்டனுக்கும் கப்பல் ஏறியது. பிரிட்டனுக்குப் போனதில் மைல்கள் பெரிய எழுத்தில், கிலோமீட்டர் உள்வட்டத்தில் சிறிய எழுத்தில். மறைமலைநகரில் ஃபோர்டு செய்த எக்கோஸ்போர்ட் 2018 முதல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே போகிற வண்டியில் மைல் கணக்கு மட்டும் போதாது. கைப்பிரேக் விளக்கு எரியும்போது வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட உலகப் பொதுச் சின்னம் மட்டும் இருந்தால் அமெரிக்க விதிக்கு ஆகாது. 'பிரேக்' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம் போகும்போது டாஷ்போர்டு முழுவதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பும், அதற்குத் தனி அச்சு வேண்டும். ஒரே ஆலையில் இத்தனை வகை மீட்டர்ப் பெட்டிகளை அடுக்கிவைத்து, எந்த வண்டிக்கு எது என்று பார்த்துப் பொருத்துவது எவ்வளவு தொல்லை என்பதைத் தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நடுவில் ஒரு திரை மட்டும் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் மென்பொருளுக்குள் அடங்கிவிடும். மைலா கிலோமீட்டரா, என்ன மொழி, என்ன சின்னம் எல்லாம் அமைப்பு மாற்றத்தில் முடிந்துபோகும்.

ஆகவே நடுத்திரைக்குப் பின்னால் ஓர் உண்மையான பொறியியல் காரணம் இருக்கிறது. ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காரணம் ஆலையின் வசதிக்கானது. ஓட்டுகிறவரின் வசதி அந்தக் கணக்கில் வரவில்லை.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் அளவுகோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முள் எங்கே இருக்கிறது என்பதைப் போலவே அது எந்த எண்கள் மீது நகர்கிறது என்பதும் முக்கியம். இதில் அரசுகளும் கம்பெனிகளும் செய்த கூத்துகள் சுவையானவை. அமெரிக்காவில் 1979 செப்டம்பரிலிருந்து புதிய கார்களின் மீட்டர் மணிக்கு 85 மைலுக்கு மேல் காட்டக் கூடாது, 55ஐ எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அப்போதைய தேசிய வேக வரம்பு 55 மைல். எண்ணை மறைத்தால் ஆசையும் மறையும் என்ற நம்பிக்கை. வண்டி 85ஐத் தாண்டியும் ஓடியது, முள்தான் மேலே போக இடமில்லாமல் முட்டி நின்றது. 1982இலேயே விதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் பல மாடல்கள் அதே 85 மைல் மீட்டரோடு மேலும் சில ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. செய்த அச்சை யார் தூக்கி எறிவார்கள்?

ஜப்பான் வேறு வழி பிடித்தது. உள்நாட்டுக் கார்களின் மீட்டர் 180 கிலோமீட்டரில் முடியும், இன்ஜினும் அங்கே கட்டுப்படும். 660 சி.சி. கொண்ட சின்ன 'கெய்' வகைக் கார்களுக்கு 140தான். 1986 வரை அங்கே வேக மணியும் இருந்தது. கார் 105 கிலோமீட்டரை நெருங்கினால் டாஷ்போர்டுக்குள் மணி அடிக்கும். அந்த மணியின் தூரத்துச் சொந்தம் நம் நாட்டில் 2019 ஜூலை 1ஆம் தேதி வந்து சேர்ந்தது. ஏ.ஐ.எஸ். 145 தரப்படி அன்றிலிருந்து வரும் கார்கள் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் நிறுத்தாமலும் ஒலி எழுப்ப வேண்டும். டாக்சிக்காரர்களுக்கு இந்த 'பீப்' சத்தத்தின் மீது எரிச்சல் என்றாலும், நான் அதை ஆதரிக்கிறவன். கண் மறந்தாலும் காது மறக்காது.

ஜப்பானிய மீட்டர்களைப் பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டாம், இந்தக் கடலைத் தாண்டினால் போதும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிற கார்களில் பெரும் பங்கு ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு வந்தவை. 140இல் முடியும் மீட்டரோடு வேகன் ஆர், நடுவில் மீட்டர் வைத்த விட்ஸ், அக்வா, பிரியஸ். இவற்றில் பல, சாவியைத் திருப்பியதும் சுங்கக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரலில் பணிவாக அறிவிக்கும். ஜப்பானின் நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கான குரல் நல்லூர்த் தேரடியில் பேசிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டு தன் பிறந்த சந்தையை எளிதில் மறப்பதில்லை.

நம் இந்தியக் கார்களின் மீட்டரோ எந்த விதிக்கும் இல்லாமல் பெருமைக்காக நீண்டது. முழு மூச்சில் மிதித்தாலும் 165ஐத் தாண்டத் திணறும் சின்னக் கார்களில்கூட எண்கள் 220 வரை போகும். ஷோரூமில் பார்க்கிற பையனுக்கு அது பிடிக்கும். ஆனால் நம் சாலைகளில் உயிரோடு சம்பந்தப்பட்ட வேகங்கள் 30க்கும் 80க்கும் நடுவே இருக்கின்றன. 220 வரை சமமாகப் பங்கு போட்ட வட்டத்தில் அந்த 50 கிலோமீட்டருக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி இடமெல்லாம் அந்த வண்டி தன் ஆயுளில் காணாத வேகங்களுக்கு.

முத்துக் குளித்த காலத்தில் இதே கரையில் அளவுகோலை இதைவிடப் புத்தியோடு பிரித்தார்கள். சலாபம் என்ற முத்துக்குளிப்பு முடிந்து முத்தைத் தரம் பிரிக்கும் வியாபாரிகளிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று அவற்றுக்கு எண்கள். எண் குறைந்தால் முத்து பெரிது. பெரிய முத்தில் சிறு அளவு வித்தியாசமும் விலையைத் தூக்கிவிடும் என்பதால் முதல் ஐந்து சல்லடைகள் 20க்கும் 100க்கும் இடையிலேயே நெருக்கி நின்றன. பொடி முத்துக்கு 200, 400 என்று தாண்டித் தாண்டிப் போனார்கள். எங்கே தவறினால் நட்டம் அதிகமோ அங்கே கோடுகளை நெருக்கமாகப் போடு என்பதுதான் கணக்கு. சில ஜெர்மன் கார்களின் மீட்டர்களில் கீழ் வேகங்களுக்கு அகலமாக இடம் விட்டு, மேல் வேகங்களைக் குறுக்கியிருப்பார்கள். அதே அறிவு. இந்தியச் சந்தைக்கு அதை யாரும் ஒழுங்காகக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை, ஜெர்மன் பிராண்டு வாங்கினால் கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வின்ஃபாஸ்ட் திரைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம். அதில் 220 என்ற பொய்ப் பெருமை இல்லை. ஒரே ஓர் எண். இப்போது 57 என்றால் 57. துல்லியமாகப் படிப்பதற்கு எண்ணே மேல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓரக்கண்ணால் உணர்வதற்கு முள்ளே மேல் என்பது மனிதப் பொறியியலில் நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். வேக வரம்புக் கேமராவின் முன் எண் உதவும். நெரிசலில் முள் உதவும். எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். எந்தக் காரிலும் காட்டுகிற வேகம் உண்மை வேகத்துக்குக் குறையக் கூடாது, கூடலாம். ஐ.நா.வின் 39ஆம் ஒழுங்குவிதி, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரை கூடுதலாகக் காட்ட இடம் தருகிறது. நிஜமாக 80இல் போகும் வண்டியின் மீட்டர் 92 வரை காட்டினாலும் விதிப்படி குற்றமில்லை. செல்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தையும் மீட்டரையும் ஒப்பிட்டுவிட்டு 'மீட்டர் பொய் சொல்லுது' என்று சண்டைக்கு நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் பளிச்சென்று ஒற்றை எண் தெரிகிறது என்பதற்காக அது பழைய முள்ளைவிட உண்மையானது என்று ஆகிவிடாது.

இனி இடம்.

நடுவில் மீட்டர் வைப்பது டெஸ்லா கண்டுபிடித்ததல்ல. பழைய அம்பாஸடரில் மீட்டர் டாஷ்போர்டின் நடுவில்தான் இருந்தது. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக நடுவில் ஒன்றே ஒன்று. இடது ஸ்டியரிங், வலது ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே டாஷ்போர்டு போதும் என்பது அன்றைக்கும் காரணம். டாடா நானோவிலும் செவ்ரோலே ஸ்பார்க்கிலும் நடுவில். 2010 டிசம்பரில் டொயோட்டா இந்தியாவுக்கென்றே கொண்டுவந்த எட்டியாஸிலும் நடுவில். அந்த எட்டியாஸ் 2012இல் எண்ணூர்த் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. தமிழ்நாட்டு டாக்சிக்காரர்கள் பத்தாண்டுகள் அதை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார்கள். நடு மீட்டரால் எட்டியாஸ் ஆபத்தான வண்டி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பழகிவிட்டது என்பார்கள். ஒரு நன்மைகூட உண்டு. நடு மீட்டரில் வேகம் எல்லோருக்கும் தெரியும். பின் சீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, தொண்ணூறு காட்டுது, கொஞ்சம் பைய போங்க" என்று சொல்ல முடியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மீட்டர் ஓட்டுநரின் அந்தரங்கம். நடு மீட்டர் வண்டியின் பொதுச் சொத்து.

டொயோட்டாவின் நடு மீட்டருக்குப் பின்னால் ஒரு பார்வைக் கணக்கும் இருந்தது. விட்ஸ் காரில் அந்த மீட்டர் ஓட்டுநரிடமிருந்து நன்றாகத் தள்ளி, முன் கண்ணாடியின் அடியில், உயரத்தில், ஒரு கூண்டுக்குள் இருக்கும். சாலையைப் பார்க்கும் கண் தூரத்துக்குப் பொருந்தி நிற்கிறது. கிட்டே இருக்கும் மீட்டரைப் பார்க்க அது மறுபடி பொருந்த வேண்டும். மீட்டர் தள்ளி இருந்தால் அந்த மறுபொருத்தம் குறையும். நாற்பத்தைந்து தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது சின்ன வசதியல்ல. கிட்டே பார்ப்பதற்கான கண்ணாடி போட்டால் சாலை மங்கும், கழற்றினால் மீட்டர் மங்கும் என்று தவிக்கிறவர்கள் நம் சாலைகளில் ஏராளம். மீட்டர் கண்ணுக்கு நேர் கீழேதான் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் இந்த வயதுக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியிருந்தும் டொயோட்டா 2010களில் வந்த விட்ஸில் மீட்டரை ஓட்டுநர் முன்னால் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. பிரியஸும் அதன் ஐந்தாம் தலைமுறையில் திரும்பியது. மினிகூடத் தன் அடையாளமான நடு வட்டத்தை வைத்துக்கொண்டே 2013இல் வேகத்தை ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்த்தியது. பத்தாண்டு கழித்து மறுபடி நடுவுக்கே போய், கூடவே கண்ணெதிரே வேகம் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயை வைத்தது. இந்தப் போக்குவரத்து நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. நடு என்பது ஓட முடியாத இடமல்ல, ஆனால் வாங்குகிறவர்கள் முழு மனதோடு ஏற்றுக்கொண்ட இடமும் அல்ல. அம்பாஸடரும் எட்டியாஸும் ஓடினவே என்று சொல்லி வின்ஃபாஸ்ட் திரைக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அந்த நடு மீட்டர்கள் வேகத்துக்கும் எரிபொருளுக்கும் எச்சரிக்கை விளக்குகளுக்கும் மட்டுமே ஆனவை. எட்டியாஸின் மீட்டர்ப் பெட்டியில் விரலால் தொட்டு மாற்ற எதுவும் கிடையாது. முள் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். கண் தேட வேண்டியதில்லை, போய் எடுத்துக்கொண்டு வந்துவிடும். தொடுதிரையில் வேகத்தைச் சுற்றி வரைபடம் நகர்கிறது, அழைப்பு வருகிறது, பாட்டின் பெயர் ஓடுகிறது, ஏ.சி.யின் எண் மாறுகிறது. வேகத்தைப் பார்க்கப் போன கண் வேறு எதையாவது கூடப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். பிரச்சினை நடுவில் வைத்ததில் இல்லை, அண்டை வீட்டாரில் இருக்கிறது.

இதை நம் சாலையில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காருக்குள் ஒரு கருவியைப் பார்க்கும் ஒரு பார்வை 2 நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 44 மீட்டர். தூத்துக்குடியிலிருந்து முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் போகும் சாலையில் 44 மீட்டருக்குள் என்னென்ன வந்து குறுக்கே நிற்கும் என்று அந்த வழியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஐப்பசி கந்த சஷ்டி நாட்களில் பச்சையும் காவியும் உடுத்தி விடிய விடிய நடக்கிறார்கள். சாலையின் இடது ஓரம் முழுவதும் மனிதர்கள். பலர் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள், எல்லோரும் ஒட்டுவதில்லை. இந்தக் கூட்டத்தின் பக்கத்தில் 40இல் போகிறோமா 60இல் போகிறோமா என்பது உயிர் விஷயம். பீப் ஒலி 80க்குத்தான் வரும், இங்கே அது எந்த உதவிக்கும் வராது. பார்வையைத்தான் நம்ப வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டரைப் பார்க்கும்போது கண் கீழே இறங்குகிறதே தவிர முகம் சாலைக்கு நேராகவே இருக்கிறது, ஓரத்தில் ஒரு கை அசைந்தாலும் பார்வையின் விளிம்பில் பதியும். நடுத்திரைக்குக் கண் ஏறக்குறைய 30 பாகை பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது. இரவில் அந்தப் பெரிய திரையின் வெளிச்சம், மங்கவைத்தாலும், இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும்.

பகலில் வேறு சோதனை. முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் சாலைக்கு இரு புறமும் உப்பளம். நடுப்பகலில் பாத்தியும் உப்புக் குவியலும் வெயிலைத் திருப்பி அடிக்கும்போது காருக்குள் எந்தத் திரையும் வெளிறிப்போகும். பழைய மீட்டருக்கு மேலே ஒரு கூரை, முன்னால் ஸ்டியரிங்கின் நிழல். நிமிர்ந்து நிற்கும் தொடுதிரைக்குக் கூரை இல்லை.

இதற்கெல்லாம் கம்பெனி வைத்திருக்கும் பதில் ஹெட்-அப் டிஸ்ப்ளே. முன் கண்ணாடியில் வேக எண் மிதக்கும். ஓட்டுநருக்கு அது பானட்டுக்கு மேல், சாலையை ஒட்டித் தெரியும். இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். நல்ல ஹெட்-அப் டிஸ்ப்ளே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் எந்த மீட்டரையும்விட மேலானது. கண் கீழே இறங்கவே வேண்டியதில்லை, எண் தூரத்தில் தெரிவதால் வெள்ளெழுத்துக்காரருக்கும் தெளிவாக இருக்கும். அதைத் தனி மீட்டராகக் கருதலாம், பாட்டும் அழைப்பும் கூட்டம் போடாத இடம். ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கப்பட்டது. உப்பளக் கூச்சத்துக்காகவே போலராய்டு கூலிங்கிளாஸ் போடுகிற ஓட்டுநருக்கு அந்த எண் மங்கிவிடும், சிலருக்கு மறைந்தேவிடும். மருந்து எந்த நோய்க்குத் தேவையோ அந்த நோயின் நேரத்திலேயே வேலை செய்யாமல் போகிறது. தவிர, ஹெட்-அப் டிஸ்ப்ளே மின்னணுப் பகுதி. அது நின்றுபோனால் அடுத்த இடம் மறுபடி நடுத்திரைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 117ஆம் விதி, வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும்படியான இடத்தில் மீட்டர் பொருத்தப்பட வேண்டும் என்கிறது. ஐ.நா. ஒழுங்குவிதி இன்னும் கொஞ்சம் தெளிவு: ஓட்டுநரின் நேர்ப் பார்வைக்குள், பகலிலும் இரவிலும் படிக்கும்படி. இரண்டுமே கார்களில் தொடுதிரை பரவாத காலத்துச் சொற்கள். வேறு எதனோடும் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026இலிருந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் பொத்தான்கள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லியிருக்கிறது. கைக்கு வந்த அக்கறை கண்ணுக்கு இன்னும் வரவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரை நடுவுக்கு நகர்த்தியதை மட்டும் வைத்து இந்தக் கார்களைக் குறை சொல்ல முடியாது. அம்பாஸடர் முதல் எட்டியாஸ் வரை அந்த வழியை நம் ஓட்டுநர்கள் நடந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் வேகத்துக்குத் தனி இடம் இல்லாமல் செய்தது பிழை. ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள வகை இந்தச் சாலைகளுக்குத் தேறும், போலராய்டு கண்ணாடியை மாற்றிக்கொண்டால் நன்றாகவே தேறும். அது இல்லாமல் தொடுதிரையின் மூலையை மட்டும் நம்பும் எந்தக் காரும், கம்பெனி எதுவானாலும், திருச்செந்தூர்ச் சாலைக்குத் தகுதியான கார் இல்லை. 20 லட்சத்தைச் சுற்றிப் பணம் கொடுத்து வாங்குகிறவர் தான் எடுக்கும் வகையில் அது உண்டா என்று முதலில் கேட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு உப்பளத்தின் ஓரமாக ஒரு தடவை, திருவிழா இரவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டட்டும்.

தீர்வும் கம்பெனிக்குத் தெரியாததல்ல. வின்ஃபாஸ்டின் சிறிய காரான வி.எஃப். 5இல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் 7 அங்குலத் திரை இருக்கிறது. அதே பெட்டியை சில்லாநத்தத்தில் ஓடும் அசெம்பிளி வரிசைக்குக் கொண்டுவந்து, அதில் வேகம், பேட்டரி அளவு, எச்சரிக்கை விளக்குகள் தவிர வேறு எதையும் காட்டாமல் விட்டால் போதும். ஏற்றுமதி வண்டிகளுக்கும் அது ஆகும், மைலும் கிலோமீட்டரும் மென்பொருளிலேயே மாறிக்கொள்ளும். 117ஆம் விதியிலும் ஒரு வரி சேர வேண்டும்: வேகம் காட்டும் பரப்பில் ஓட்டுநர் தொட்டு இயக்கும் எதுவும் இருக்கக் கூடாது, வண்டி ஓடும்போது அந்தப் பரப்பு இடம் மாறக் கூடாது. மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இதை எழுதுவதற்குக் காத்திருக்காமல், தமிழ்நாட்டில் கார் செய்கிற கம்பெனிகள் தாமாகவே ஒப்புக்கொள்ளலாம்.